ஆளில்லாத ஆஸ்பத்திரிகளில் ஆவி தேடுகிறவர்கள்



நள்ளிரவு. இருளடைந்த நீண்ட தாழ்வாரம். சுவர்களில் வர்ணம் உரிந்து தொங்குகிறது. துருவேறிய சக்கர நாற்காலி ஒன்று தனியே நிற்கிறது. கறுப்புச் சட்டை அணிந்த மூன்று நான்கு பேர், ஒளிரும் சிறு கருவிகளைக் கையில் ஏந்தி மெல்ல நடந்து வருகிறார்கள். அவர்களில் ஒருவர் இருளை நோக்கி, "இங்கே யாராவது இருக்கிறீர்களா? உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கிறார். பதில் இல்லை. எங்கோ ஒரு கதவு கிறீச்சிடுகிறது. உடனே அனைவரும் மூச்சடக்கி நிற்கிறார்கள்.

நம் வாலிபப் பிள்ளைகள் கைப்பேசியில் விரும்பிப் பார்க்கும் காட்சிகளில் இதுவும் ஒன்று. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய மனநோய் மருத்துவமனைகள், காசநோய் விடுதிகள், சிறைச்சாலைகள் ஆகியவற்றில் இரவு முழுவதும் தங்கி ஆவிகளைத் தேடுவது பெரும் பொழுதுபோக்காகவும் நல்ல வியாபாரமாகவும் வளர்ந்துவிட்டது. வீட்டு ஜெபக்கூட்டம் ஒன்றில் ஒரு தாயார் என்னிடம், "ஐயா, என் மகன் ராத்திரியெல்லாம் இதைத்தான் பார்க்கிறான். இதெல்லாம் உண்மையா? இதை அவன் பார்க்கலாமா?" என்று கேட்டார்கள். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே வார்த்தையில் விடை கூறலாம். ஆனால் அந்த இருண்ட கட்டிடங்களின் மெய்யான வரலாற்றை அறியாமல் கூறும் விடை பயன்படாது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கருவிகளும் செவிகளும்

இறந்தோருடன் பேச முயலும் நாட்டம் புதியதன்று. 1848-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் என்னும் சிற்றூரில், ஃபாக்ஸ் குடும்பத்துச் சகோதரிகள் தங்கள் வீட்டில் கேட்கும் தட்டொலிகள் இறந்துபோன ஒருவரின் பதில்கள் என்றார்கள். அதிலிருந்து ஒரு பெரிய இயக்கமே எழும்பிற்று. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1888-ல் அச்சகோதரிகளில் ஒருவராகிய மார்கரெட் பொதுமேடையில் ஏறி, அந்த ஒலி தங்கள் கால்விரல் மூட்டுகளால் எழுப்பப்பட்டது என்று செய்தே காட்டினார். மறு ஆண்டு அந்த அறிக்கையை அவரே மறுத்தார் என்பது வேறு கதை. 1882-ல் லண்டனில் கற்றறிந்தோர் கூடி இதை ஆராயச் சங்கம் அமைத்தனர். இக்காலத்தில் இதைப் பரப்பியது தொலைக்காட்சியே. 2004-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘கோஸ்ட் ஹண்டர்ஸ்’ நிகழ்ச்சியின் நாயகர்கள், பகலில் வீடுகளின் குழாய்களைப் பழுதுபார்த்து இரவில் ஆவி தேடிய இருவர். 2008-ல் ‘கோஸ்ட் அட்வென்ச்சர்ஸ்’ வந்தது. அதன்பின் கணக்கில்லை.

இவர்கள் ஏந்தும் கருவிகளைக் கண்டு நம் பிள்ளைகள் மயங்குகிறார்கள். அறிவியல் கருவி காட்டுகிறதே, அது பொய் சொல்லுமா என்கிறார்கள். கருவி பொய் சொல்லாது. எதை அளக்கச் செய்யப்பட்டதோ அதையே அளக்கும். மின்காந்த அளவி என்பது மின்கம்பிகளையும் மின்சாதனங்களையும் சோதிப்பதற்கென்று செய்யப்பட்டது. ஆவி வந்தால் மின்காந்தப் புலம் மாறும் என்பதை யாரும் நிரூபித்ததில்லை. அது வெறும் ஊகம். பாழடைந்த கட்டிடத்தில் மின்சாரமே இல்லையே, பின் எப்படி விளக்கு எரிகிறது என்று கேட்பார்கள். ஆராய்வோரின் கையில் கைப்பேசியும் கம்பியில்லா ஒலிவாங்கியும் காமிராவும் இருக்கின்றனவே!

மற்றொன்று குரல் பதிவு. இருளில் ஒரு கேள்வி கேட்டு, சில விநாடி மௌனமாயிருந்து, பிறகு அந்த மௌனத்தை உரத்த ஒலியில் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். இந்த முறைக்கும் வரலாறு உண்டு. 1959-ல் ஸ்வீடன் நாட்டில் ஃப்ரீட்ரிக் யூர்கென்சன் என்பவர் பறவைகளின் ஒலியைப் பதிவு செய்தபோது மனிதக் குரல்கள் கேட்டதாகச் சொன்னார். லாட்வியாவைச் சேர்ந்த கான்ஸ்டன்டின் ராடிவ் அதையே ஆயிரக்கணக்கான முறை செய்து, பெரிய நூலே எழுதினார். மனித மூளையோ தெளிவற்ற ஒலியிலும் சொல்லைத் தேடும் இயல்புடையது. மின்விசிறியின் இரைச்சலில் தன் பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்க்காத தாய் யார்? "‘போய்விடு’ என்று சொல்கிறது, கவனியுங்கள்" என்று முன்கூட்டியே எழுத்தில் காட்டிவிட்டால் நமக்கும் அப்படியே கேட்கும். எழுத்தை மறைத்துவிட்டுக் கேட்டால் பத்துப் பேருக்குப் பத்து விதமாய்க் கேட்கும். ‘ஸ்பிரிட் பாக்ஸ்’ என்பது இன்னும் எளிய வித்தை. எந்த நிலையத்திலும் நில்லாமல் வேகமாய் ஓடிக்கொண்டிருக்கும் வானொலிப்பெட்டி அது. பல நிலையங்களின் துண்டுச் சொற்கள் அதில் சிந்துகின்றன. அவற்றைக் கோத்துக்கொள்வது கேட்பவரின் வேலை.

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரப் பொறியாளர் விக் டாண்டியின் அனுபவம் எனக்கு மிகவும் பிடித்தமானது. தாம் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் இரவில் தனித்திருந்தபோது காரணமின்றித் திகில் உண்டாகி, கண்ணின் ஓரத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்று தோன்றக் கண்டார். திரும்பிப் பார்த்தால் மறைந்துவிட்டது. மறுநாள் வாட்போட்டிக்குரிய தமது வாளைப் பழுதுபார்க்க இடுக்கியில் பொருத்தியபோது, அது தானே அதிர்வதைக் கவனித்தார். பேய் என்று ஓடாமல் ஏன் அதிர்கிறது என்று தேடினார். புதிதாய்ப் பொருத்தப்பட்ட காற்று வெளியேற்றும் விசிறி, காதுக்குக் கேளாத அளவு தாழ்ந்த ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. விநாடிக்கு ஏறக்குறைய 19 அதிர்வுகள். விசிறியைச் சரிசெய்ததும் திகிலும் போயிற்று. 1998-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். எல்லா வீடுகளுக்கும் இதுவே விடை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் தேடிய விதத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

பெருகும் பிணங்கள்

கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் குன்றின்மேல் நிற்கும் வேவர்லி ஹில்ஸ் சானடோரியம், ஆவி தேடுவோரின் யாத்திரைத் தலம். சென்னை மின்சார ரயிலில் தாம்பரம் போனவர்களுக்கு ‘சானடோரியம்’ என்ற நிலையப் பெயர் நினைவிருக்கும். காசநோயாளரைத் தனியே வைத்துப் பராமரிக்கும் விடுதிக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் அது. வேவர்லி ஹில்ஸ் 1910-ல் மரக்கட்டிடமாய்த் தொடங்கி, 1926-ல் ஐந்து மாடிக் கட்டிடமாய் எழும்பிற்று. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வந்து நோய் அடங்கியபின் 1961-ல் மூடப்பட்டது.

அங்கே 63,000 பேர் மாண்டார்கள் என்று நெடுங்காலமாய்ச் சொல்லி வருகிறார்கள். பிள்ளைகளே, ஒரு கணக்குப் போடுங்கள். 51 ஆண்டுகளில் 63,000 என்றால் ஆண்டுக்கு 1,235 மரணம். அந்தப் பெரிய கட்டிடத்திலேயே படுக்கைகள் ஏறத்தாழ 400-தான். காசநோயாளர் மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் தங்கும் இடத்தில், ஒவ்வொரு படுக்கையும் ஆண்டுக்கு மூன்று முறை பிணத்தால் காலியாகியிருக்க வேண்டும்! அப்படி நடந்திருக்க இயலாது. ஆனாலும் பெரிய எண் பெரிய திகிலைத் தருகிறது. பெரிய திகில் அதிக நுழைவுச் சீட்டுகளை விற்கிறது.

அங்கே குன்றின் அடிவாரத்துக்கு இறங்கும் 500 அடி நீளமுள்ள சுரங்கப்பாதை ஒன்று உண்டு. பிணங்களை இறக்கிய பாதை என்று பயமுறுத்திக் காட்டுகிறார்கள். பிணங்களை அவ்வழியே இறக்கியது உண்மையே. ஏன் அப்படிச் செய்தார்கள்? உயிரோடிருக்கும் நோயாளிகள் சவ ஊர்திகளை நாள்தோறும் கண்டு மனம் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக. நோயாளிகள்மேல் கொண்ட கரிசனையால் செய்த ஏற்பாடு இன்று பயங்கரக் காட்சியாய் விற்கப்படுகிறது.

பென்ஹர்ஸ்ட்: 720 மணி நேரம்

இனி நான் முக்கியமாய்ச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்ஃபியா நகருக்குச் சற்றுத் தொலைவில், ஸ்பிரிங் சிட்டி அருகே பென்ஹர்ஸ்ட் என்னும் அரசு நிறுவனம் இருந்தது. மனவளர்ச்சி குன்றியவர்களுக்கும் வலிப்பு நோயாளருக்கும் என்று 1908-ல் திறக்கப்பட்டது. ‘அரசுப் பள்ளி’ என்று பெயர். படிக்க அனுப்பப்பட்ட பிள்ளைகள் பலர் வெளியே வரவேயில்லை. பலவீனமான பிள்ளைகள் சந்ததி பெற்றால் இனம் கெட்டுப்போகும் என்று கற்றறிந்தோரே போதித்த காலம் அது. 1927-ல் அமெரிக்க உச்சநீதிமன்றமே அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை அனுமதித்துத் தீர்ப்பளித்தது. மருத்துவர்கள் பெற்றோரிடம், இந்தப் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மறந்துவிடுங்கள் என்று ஆலோசனை சொல்வது சாதாரணமாயிருந்தது.

1968-ல் பில் பால்டினி என்ற இளம் தொலைக்காட்சிச் செய்தியாளர் காமிராவோடு உள்ளே சென்றார். அப்போது ஏறக்குறைய 2,800 பேர் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். கட்டில்களில் கட்டப்பட்ட பிள்ளைகள், ஆடையின்றித் தரையில் கிடந்த மனிதர்கள், நாள் முழுவதும் செய்ய ஒன்றுமில்லாமல் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தவர்கள் — இவற்றை ஐந்து பகுதிகளாக ஒளிபரப்பினார். அந்தத் தொடருக்கு அவர்கள் இட்ட பெயர், சிறுபிள்ளைகள் தம்மிடத்தில் வருவதைத் தடைசெய்ய வேண்டாமென்று நம் ஆண்டவர் சீஷர்களிடம் கூறிய வார்த்தையிலிருந்து எடுக்கப்பட்டது: ‘சஃபர் தி லிட்டில் சில்ட்ரன்’. பழைய ஆங்கில வேதாகமத்தில் ‘சஃபர்’ என்பதற்கு ‘இடங்கொடுங்கள்’ என்று பொருள். இக்கால ஆங்கிலத்தில் அதற்கு ‘துன்பப்படு’ என்று பொருள். அந்த இரண்டு பொருளும் அந்தக் கட்டிடத்தில் ஒன்றோடொன்று மோதின.

1974-ல், அங்கே வாழ்ந்த ஒரு பெண்ணின் தாயார் வழக்குத் தொடுத்தார். அமெரிக்கச் சட்ட வரலாற்றில் ஹால்டர்மன் வழக்கு என்று அது பெயர்பெற்றது. மகள் 1966-ல் அங்கே சேர்க்கப்பட்டவள். பதினோரு ஆண்டுகளில் தாடை எலும்பு முறிந்தது, விரல்கள் முறிந்தன, பற்கள் போயின. சேரும்போது சில வார்த்தைகள் பேசிக்கொண்டிருந்தவள், பேச்சையே இழந்துபோனாள். 1977 டிசம்பரில் நீதிபதி ரேமண்ட் பிராடரிக் அளித்த தீர்ப்பை வாசிக்கிறவர்களுக்கு இரவில் உறக்கம் வராது. 1976 ஆகஸ்டு மாதத்தில் அங்கே ஒரு பெண் கட்டிவைக்கப்பட்டிருந்த நேரம் 720 மணி என்று அதில் பதிவாகியிருக்கிறது. முப்பது நாள் முழுவதும், இரவும் பகலும்! அங்கிருந்தவர்கள் சராசரியாக 21 ஆண்டுகள் அங்கேயே கழித்திருந்தார்கள். நூற்றுக்கு 43 பேரை மூன்று ஆண்டுகளாகக் குடும்பத்தார் யாரும் தொடர்புகொள்ளவில்லை.

இந்த எண்ணை நான் வாசித்தபோது சற்று நேரம் நூலை மூடி வைத்துவிட்டேன். ஆவி தேடுவோர் பென்ஹர்ஸ்ட் இருளில் நின்று, "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். அங்கே ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். உயிரோடு இருந்தார்கள். அப்போது அப்படிக் கேட்க வந்தவர்கள் மிகச் சிலரே.

வழக்கு உச்சநீதிமன்றம் வரை இருமுறை சென்றது. 1981-லும் 1984-லும் சட்ட நுணுக்கங்களில் அரசுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. ஆயினும் உடன்பாடு ஏற்பட்டு, 1987-ல் பென்ஹர்ஸ்ட் மூடப்பட்டது. அங்கிருந்தவர்கள் சிறு சிறு வீடுகளில், மூன்று நான்கு பேராக, உதவியாளரோடு குடியமர்த்தப்பட்டனர். இவர்களால் வெளியே வாழ முடியாது என்று முதலில் அஞ்சிய பெற்றோர் பலரே பின்னர் மனம் மாறினார்கள். அப்படி வெளிவந்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், அவர்கள் திறமையிலும் நலத்திலும் முன்னேறியதைக் கண்டார்கள். பன்னிரண்டு வயதில் பென்ஹர்ஸ்ட்டுக்கு அனுப்பப்பட்டு, பதின்மூன்று ஆண்டுகள் அங்கே பட்ட பாட்டைத் தம் வாயாலேயே நூலாகச் சொன்ன ரோலண்ட் ஜான்சன், பிற்காலத்தில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக நாடெங்கும் பேசினார்.

2010 இலையுதிர் காலத்தில் அதே கட்டிடங்களில் ‘பென்ஹர்ஸ்ட் அசைலம்’ என்ற பெயரில் பேய்வீட்டுக் கேளிக்கை தொடங்கிற்று. பணம் கொடுத்து உள்ளே போகிறவர்களை, பைத்தியம் பிடித்த மருத்துவராகவும் வெறிபிடித்த நோயாளியாகவும் வேடமிட்ட நடிகர்கள் பாய்ந்து பயமுறுத்தினார்கள். அந்த நிறுவனம் ஒருநாளும் ‘அசைலம்’ என்ற பெயரைத் தரித்ததில்லை. பயம் விற்க அந்தப் பெயர் தேவைப்பட்டது. மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளும், அங்கே வாழ்ந்தவர்களின் குடும்பத்தாரும் மனம் நொந்து எதிர்த்தார்கள். நோயாளிகளைப் பயங்கரமானவர்களாகக் காட்டுகிறீர்களே, அவர்கள்மேல் அல்லவா பயங்கரம் நடந்தது என்பதே அவர்கள் வழக்கு. அந்த வழக்கு நியாயமானது.

நியாயமாய் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இக்கட்டிடங்களைப் பராமரிக்க அரசிடம் பணமில்லை. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் டான்வர்ஸ் மருத்துவமனையின் பெரும்பகுதியை 2006-ஐ ஒட்டி இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். மேற்கு வர்ஜீனியாவின் வெஸ்டன் நகரில் 250 பேருக்கென்று கட்டப்பட்டு, 1950-களில் ஏறக்குறைய 2,400 பேர் அடைக்கப்பட்ட கல்மாளிகை, 1994-ல் மூடப்பட்டு 2007-ல் ஏலத்தில் விற்கப்பட்டது. அதன் கூரை ஒழுகாமல் காக்க உதவியது சுற்றுலாவும் ஆவிதேடும் இரவுகளும் ஈட்டிய பணமே. பகல் சுற்றுலாவில் மெய்யான வரலாற்றைப் பொறுப்போடு சொல்லும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். இரவுச் சீட்டுக்குத்தான் கிராக்கி அதிகம்.

வேதம் என்ன சொல்கிறது?

‘ஆவி’ என்ற சொல் நமக்குப் பரிசுத்தமான சொல். ஆகவே இந்தப் பகுதியை எழுதுகையில் அதைச் சற்றுக் கூச்சத்தோடே பயன்படுத்துகிறேன். இறந்தோரிடம் குறி கேட்பதை உபாகமம் 18-ஆம் அதிகாரம் திட்டமாய் விலக்குகிறது. உயிரோடிருப்போருக்காகச் செத்தவர்களிடம் விசாரிப்பது தகுமோ என்று ஏசாயா தீர்க்கதரிசியும் 8-ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்ளுகிறார். விளையாட்டுக்காகச் செய்தாலும் இது விலக்கப்பட்டதே. தாயார் கேட்ட இரண்டாம் கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. பார்ப்பது வேறு, செய்வது வேறு என்று பிள்ளைகள் வாதிடுவார்கள். பார்ப்பது செய்யத் தூண்டுகிறது என்பது மும்பையில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். 1982 தீவிபத்துக்குப் பின் மூடிக்கிடந்த கொலாபாவின் முகேஷ் மில்லைப் பற்றி வாலிபர் கதை பேசாத கல்லூரி உண்டா? பாழடைந்த கட்டிடங்களில் உளுத்த தளங்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசி, பாம்பு, பூட்டிய இரும்புக் கதவுகள் என மெய்யான ஆபத்துகள் பல உண்டு.

1 சாமுவேல் 28-ஆம் அதிகாரத்தில் சவுல் ராஜா எந்தோருக்கு இரவில் வேடமாறிப் போகிறான். அங்கே தோன்றியது மெய்யாகவே சாமுவேல்தானா என்பதில் வேதபண்டிதர்களே ஒத்துப்போவதில்லை. எங்கள் வேதாகமக் கல்லூரியில் ஒரு பருவம் முழுவதும் விவாதித்தோம், முடிவு கண்டபாடில்லை. ஆனால் ஒன்று தெளிவு. குறி சொல்கிறவர்களைத் தேசத்திலிருந்து துரத்தியவனே சவுல். உயிரோடிருந்த சாமுவேலின் சொல்லைத் தட்டியவனும் அவனே. உயிரோடிருந்தபோது கேளாத குரலை, செத்தபின் இருளில் போய்த் தேடினான். பென்ஹர்ஸ்ட்டின் கதையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எந்தோர் நினைவுக்கு வருகிறது.

அசுத்த ஆவிகள் உண்டென்று வேதம் போதிக்கிறது; நானும் அதையே விசுவாசிக்கிறேன். ஆனால் கதவு கிறீச்சிட்டதெல்லாம் பிசாசு என்று முடிவு கட்டுவது விசுவாசமல்ல. மாற்கு 5-ஆம் அதிகாரத்தின் மனிதனைக் கவனியுங்கள். அவன் கல்லறைகளில் குடியிருந்தான். ஊரார் அவனைச் சங்கிலிகளால் கட்டினார்கள். இயேசு அங்கே பிணங்களோடு பேசவில்லை. கல்லறைகளின் நடுவே உயிரோடிருந்த மனிதனிடத்தில் வந்து நின்றார், பெயரைக் கேட்டார். முடிவில் அவன் வஸ்திரந்தரித்து, தெளிந்த புத்தியோடு உட்கார்ந்திருந்தான். அதைக் கண்டு ஊரார் ஏன் பயந்தார்கள் என்பது இன்றும் என்னை யோசிக்க வைக்கிறது.

எண்களுக்குப் பெயர் தேடியவர்கள்

இந்தக் கட்டிடங்களில் வேறொரு தேடலும் நடந்தது. அதைத் தொலைக்காட்சி அதிகமாய்க் காட்டுவதில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் மில்லட்ஜ்வில் மனநோய் மருத்துவமனை வளாகத்தில் ஏறத்தாழ 25,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கல்லறைகளில் பெயரில்லை; எண் பொறித்த சிறு இரும்பு அடையாளங்களே நடப்பட்டன. புல் வெட்ட இடைஞ்சல் என்று பின்னாளில் அவற்றிலும் ஆயிரக்கணக்கானவற்றைப் பிடுங்கிப் போட்டார்கள். 1990-களின் பிற்பகுதியில், தாங்களே மனநோயால் வாடி மீண்டவர்கள் ஒன்றுகூடி அந்த மயானத்தைச் சீர்செய்து, பிடுங்கிய இரும்புகளைத் திரட்டி நினைவிடம் எழுப்பினார்கள்.

நியூயார்க் மாநிலத்தின் வில்லர்ட் மனநோய் மருத்துவமனை 1995-ல் மூடப்பட்டபோது, மேற்கூரையின்கீழ் ஏறக்குறைய 400 பெட்டிகள் கண்டெடுக்கப்பட்டன. நோயாளிகள் முதல்நாள் கொண்டுவந்து, பின் ஒருநாளும் திறக்கவியலாமல் போன பெட்டிகள்! உள்ளே உடைகள், புகைப்படங்கள், கடிதங்கள். வேலை தேடி டிரங்குப் பெட்டியோடு தாதரில் ரயிலிறங்கிய நம் வாசகர்களுக்கு அந்தப் பெட்டிகளைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை.

ஆரிகன் மாநில மருத்துவமனையில் 2004-ல், உரிமைகோரப்படாத அஸ்தி அடங்கிய செம்புக் கலசங்கள் 3,500-க்கு மேல் ஒரு கிடங்கில் இருப்பது வெளியாயிற்று. பதிவேடுகளைப் புரட்டி, எந்தக் கலசத்தில் யார் என்று பெயர் கண்டு, பட்டியலை வெளியிட்டார்கள். பேரப்பிள்ளைகள் வந்து வாங்கிச் சென்றார்கள். 2014-ல் நினைவிடம் திறக்கப்பட்டது. இதற்கு இரவு வேண்டியதில்லை, கருவி வேண்டியதில்லை. பழைய நோட்டுப் புத்தகங்களும் பொறுமையும் போதுமாயிருந்தன.

நம் வீட்டுக்குள்

இது அமெரிக்கக் கதை என்று புரட்டிப்போட நமக்கு இயலாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலம், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியது. உள்ளே மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் பேய் பிடித்தவர்கள் என்று நம்பி உறவினரால் கொண்டுவிடப்பட்டவர்கள். அது வேறொரு மார்க்கத்தாரின் தலத்தருகே நடந்தது என்று நாம் விலகி நிற்கக் கூடாது. ஜெபத்துக்கென்று கொண்டுவந்து கட்டிவைக்கும் வழக்கம் நம் வட்டாரங்களிலும் இருந்திருக்கிறது என்பதை ஊழியர் பலர் அறிவார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. சபைப் பொறுப்பாளர்கள் இதை அறிந்திருப்பது அவசியம்.

வலிப்பு வந்தால் பிசாசு என்று துரத்தத் தொடங்கும் சகோதரருக்கு ஒரு வார்த்தை. மத்தேயு 4-ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியை நிதானமாய் வாசியுங்கள். இயேசுவினிடத்தில் கொண்டுவரப்பட்டவர்களில் பிசாசு பிடித்தவர்களை ஒரு வகையாகவும், சந்திரரோகிகளை வேறு வகையாகவும், திமிர்வாதக்காரரை இன்னொரு வகையாகவும் சுவிசேஷகர் பிரித்தே எழுதியிருக்கிறார். ஜெபியுங்கள், அதே நாளில் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்ல எந்த ஊழியருக்கும் அதிகாரமில்லை.

பெருநகரத்தில் ஒற்றை அறை வீட்டில், ஊரிலுள்ள உறவுகளின் துணையின்றி, மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை வளர்க்கும் குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. சத்தம் போடுவானே என்று ஆராதனைக்கே வராதிருக்கும் தாய்மார் உண்டு. கடைசியாக அவர்கள் வீட்டுக்கு யார் போனது, எப்போது போனது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கும்படி எங்கள் சபை மூப்பர்களைக் கேட்டிருக்கிறேன். 43 என்ற எண்ணை அவர்களிடம் சொல்லித்தான் கேட்டேன்.

இனி அந்தத் தாயாருக்கு. அம்மா, மகனை அதட்டிக் கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம்; மறைத்துப் பார்ப்பான். பென்ஹர்ஸ்ட்டைப் பற்றி பால்டினி 1968-ல் எடுத்த அந்தத் தொடர் இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம், நெடியதுமல்ல. ஒரு மாலையில் வேலை முடிந்தபின் அவனோடுகூட உட்கார்ந்து அதைப் பாருங்கள். ஆங்கிலம் விளங்காத இடத்தில் அவனையே உங்களுக்கு எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். அதன்பின் அவன் கேட்கும் கேள்விகளை எழுதி வையுங்கள். அடுத்த வீட்டுக் கூட்டத்தில் அவனையும் வைத்துக்கொண்டு பேசுவோம்.